அவன் முறைக்கு நான் பேசினேன்

காலை ஐந்து நாற்பது. ஓசூர் தொழிற்பேட்டையின் முதல் வளைவில், கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில், என் கண்ணில் முதலில் பட்டது ஒரு இயர்போன் ஒயர். தனியாக நின்ற ஒருவனின் இரண்டு காதுகளிலிருந்தும் இறங்கி, கழுத்துக்குக் கீழே ஒன்றாகச் சேர்ந்து, சட்டைப் பைக்குள் போயிற்று. பை தட்டையாக இருந்தது. போன் அவன் கையில் இருந்தது. அதில் எந்த ஒயரும் சொருகியிருக்கவில்லை.

இருபது பேருக்கு மேல் நின்றிருந்தோம். தர்மபுரி, சேலம் பக்கத்துப் பையன்கள் மின்கம்பத்தைச் சுற்றி. கன்னடம் பேசுகிறவர்கள் டீக்கடை வாசலில். ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் சுவரோரம் குந்தியபடி. அவன் மூன்று கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நின்றான். யாராவது தன் பக்கம் நடந்து வந்தால் தலையை மெல்ல ஆட்டத் தொடங்குவான், பாட்டில் மூழ்கியிருப்பவன் மாதிரி. ஆள் கடந்து போனதும் தலை நின்றுவிடும்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, அந்த வேலையில் இரண்டாவது நாள். அதற்கு முன் நான்கு வருடம் கிருஷ்ணகிரியில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். நெடுஞ்சாலை விபத்து, மாங்காய் வரத்து, கலெக்டர் ஆபீஸ் மனுநாள் என்று எழுதிக்கொண்டிருந்தேன். மாவட்டப் பக்கங்களைக் குறைத்தபோது என்னையும் குறைத்துவிட்டார்கள். பத்திரிகைக்கு முன்னால் முடித்து வைத்திருந்த மெக்கானிக்கல் டிப்ளமோவைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு ஓசூர் வந்தேன். கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி. ஒரு வருடப் பயிற்சி, அதன் முடிவில் ஒரு நேர்முகம், அதில் தேறினால் நிரந்தரம், தேறாவிட்டால் முப்பது நாளில் வெளியே. எங்கள் லைனில் பன்னிரண்டு பேர். எல்லாருடைய ஒரு வருடமும் அந்த நேர்முகத்தை நோக்கித்தான் நகர்ந்தது.

ஒயரைப் பார்த்தேன். அது எதிலும் சேராமல் இருப்பதையும் பார்த்தேன். அவனிடம் எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரமே நாங்கள் ஒரே அறைக்கு வந்தோம். ஆள் சேர்த்துவிட்ட ஏஜென்ட் பார்த்துக் கொடுத்த மாடி அறை. இரண்டு கட்டில்கள், இடையில் மூன்றடி. அவனுக்கு இருபத்து மூன்று வயது. ராயக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் தக்காளி மார்க்கெட்டில் கிரேடுப் பெட்டி தூக்குகிறவர்கள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், லைனில் கன்னடம். மூன்றும் அவனுக்குப் புரியும். மூன்றிலும் பேசமாட்டான். கேட்டால் தலையாட்டுவான். மிஞ்சிப்போனால் ஒரு சொல் வரும், அதுவும் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும்.

அவன் பேசமாட்டான் என்றுதான் முதல் பத்து நாள் நினைத்தேன். பதினோராவது நாள் மதியம், மூன்றடி தள்ளிப் படுத்திருந்தவனிடமிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது.

“இன்று சூப்பர்வைசர் சிரித்தார். பல்லைப் பார்த்தேன். கடைசி மெயின்டெனன்ஸ் எப்போது நடந்தது என்று தெரியவில்லை.”

நான் சத்தமாகச் சிரித்தேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தோள் குலுங்கியது.

அதன்பிறகு தினமும் வந்தன. நீளமான, ஒழுங்கான செய்திகள். கேன்டீன் சாம்பாரைப் பற்றி, பஸ் டிரைவரின் பிரேக்கைப் பற்றி, என் குறட்டையைப் பற்றி. நான்கு வருடம் நான் டெஸ்க்குக்கு அனுப்பிய செய்திகளைவிட அவற்றில் தேவையில்லாத சொல் குறைவு. ஒரு தடவை, ஏன் பேசுவதில்லை என்று நானும் எழுதியே கேட்டேன். பதில் வர அரைமணி நேரம் ஆயிற்று. “ஏழாவதில் எழுந்து நின்று பாடம் வாசித்தேன். என் தமிழில் தெலுங்கு வாடை அடிக்கிறது என்று வாத்தியார் சிரித்தார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அதற்கப்புறம் நான்கு பேர் பார்த்தால் தொண்டை மூடிக்கொள்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லை. பெரிய கதை எதிர்பார்க்காதே.”

எனக்கு அந்தச் சிக்கல் இருந்ததில்லை. எங்கள் ஊர் மாதா கோயிலில் ஐந்தாம் வகுப்பிலிருந்தே ஞாயிறு பூசையில் வாசகம் வாசித்தவன் நான். எங்கள் தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். அப்பாதான் முதலில் கம்பெனி வேலைக்குப் போனவர். மைக் முன்னால் நான் நிற்பதைப் பார்க்க அவர் முன்வரிசையில் வந்து உட்காருவார். எனக்குப் பேச்சில் பெரிய சாமர்த்தியம் என்றில்லை, பயம் இல்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெளியே யாருக்கும் தெரிவதில்லை.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் தொடங்கும்போது லைன் முழுவதும் ஒரு போர்டுக்கு முன்னால் அரைவட்டமாக நிற்க வேண்டும். ஐந்து நிமிட மீட்டிங். ஒவ்வொரு நாளும் ஒருவர் முன்னால் வந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். நேற்று எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆனது, ஏன் ஆனது, பாதுகாப்புக்கு ஒரு விஷயம், முன்னேற்றத்துக்கு ஒரு யோசனை. யார் பேசினார், என்ன யோசனை சொன்னார் என்று சூப்பர்வைசர் ஒரு தாளில் எழுதுவார். தாள் ஆபீசுக்குப் போகும். முறை வைத்துப் பட்டியல் ஒட்டியிருப்பார்கள். அவன் முறை ஒன்றுவிட்ட வியாழக்கிழமை.

முதல் வியாழக்கிழமை அவன் முன்னால் போய் நின்றான். முந்தின நாள் ரிஜெக்ட் ஏழு. அந்த ஏழும் எதனால் என்று லைனில் எல்லாரையும்விட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். எனக்கு எழுதியிருந்தான். போர்டைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், மறுபடி போர்டைப் பார்த்தான். நாற்பது விநாடி போயிருக்கும்.

“ஏன் குரு, இன்னிக்குள்ள முடியுமா?” என்றார் சூப்பர்வைசர். ஆனேக்கல்காரர். தமிழைக் கன்னட இழுப்போடு பேசுவார், எல்லாரும் அவருக்குக் ‘குரு’தான்.

“சைலன்ட் மோடுல இருக்காப்ல சார்,” என்றான் பின்னால் ஒருத்தன்.

“இல்லடா மச்சான், வைப்ரேட் மோடு. கையப் பாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. காலை ஆறரை மணிக்குக் கிடைத்த ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். நானும் சிரித்தேன்.

அன்று மாலை செய்தி வந்தது. “அடுத்த முறை என் வியாழக்கிழமையை நீ எடுத்துக்கொள்கிறாயா? பதிலுக்கு உன் சிப் ட்ரேயை நான் அள்ளிவிடுகிறேன். எல்லா நாளும்.”

சிப் ட்ரே என்பது மெஷினுக்கு அடியில் இருக்கும் தட்டு. வெட்டும்போது சுருள்சுருளாக விழும் இரும்புச் சீவலும் கூலண்ட் எண்ணெயும் அதில் சேரும். ஷிப்ட் முடியும்போது அவரவர் ட்ரேயை அவரவர் அள்ளிக் கொட்ட வேண்டும். சீவல் கையுறையைக் கிழிக்கும். எண்ணெய் நாற்றம் சாப்பாட்டு நேரம் வரை கையில் இருக்கும். லைனில் யாருக்கும் பிடிக்காத வேலை. ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் அவனுக்கு உதவி செய்வதாகத்தான் இருவரும் பேசிக்கொண்டோம், அதாவது எழுதிக்கொண்டோம்.

சூப்பர்வைசர் ஆட்சேபிக்கவில்லை. “யார் பேசினா என்ன, தாள் நிரம்பினா சரி,” என்றார். தாளில் பேசியவர் பெயர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினார்.

இப்படி ஆரம்பித்தது மெல்ல மெல்லப் பரவியது. மெஸ்ஸில் அவனுக்கு என்ன வேண்டும் என்று நான் சொன்னேன். சலூனில் அவன் நாற்காலியில் உட்காருவான், பின்னால் நின்று “மீடியம் போடுங்க” என்பேன். வீட்டுக்காரம்மாவிடம் தண்ணீர் வரவில்லை என்று அவன் சார்பாக நான் சொன்னேன். “ஏம்ப்பா, அந்தத் தம்பி நேர்ல வந்து சொன்னா நான் என்ன கடிச்சிருவனா?” என்று அந்தம்மா கேட்டது. ஒரு தடவை அவனுக்கு வயிற்றுவலி. கிளினிக்கில் டாக்டர் அவனைப் பார்த்து “எத்தனை நாளா?” என்றார். அவன் என்னைப் பார்த்தான். “நாலு நாளா சார்,” என்றேன். மருந்து வாங்கி வெளியே வந்தபிறகு போனில் எழுதிக் காட்டினான்: “பதினாறு நாள்.” திரும்ப உள்ளே போகலாம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினான்.

அவனுக்கு நான் இருந்தேன் என்பதால் வேறு யாரும் தேவைப்படவில்லை. என்னை எடுத்துக்கொண்டால், லைன் முழுக்க எனக்குப் பழக்கம். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு யாரோடு பேச்சில்லை, எல்லாம் தெரியும். போனில் அறுநூறு எண்கள் இருந்தன, பாதி நிருபராக இருந்தபோது சேர்ந்தவை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அதில் யாரையாவது கூப்பிடலாம் என்று பட்டியலை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போய், கடைசி எழுத்துக்கு வந்து, போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து ஏதாவது ஒரு வரி வரும். அந்த அறுநூறில் என்னோடு உண்மையாகப் பேசிய ஒரே ஆள் வாய் திறக்காதவன்தான் என்பதை அந்த நாட்களில் நான் கவனிக்கவில்லை.

கம்பெனி எதுவும் செய்யவில்லை என்று எழுதினால் தவறாகிவிடும். பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து பேச்சுத் திறன் வகுப்பு எடுத்தார். வட்டமாக நின்று பந்தைத் தூக்கிப் போட வேண்டும், பிடித்தவர் தன்னைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். அவன் அன்று காய்ச்சல் என்று வரவில்லை. காய்ச்சல் என்று சூப்பர்வைசரிடம் சொன்னதும் நான்தான். கேன்டீன் சுவரில் ‘மனம் விட்டுப் பேசுங்கள்’ என்று ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். மாதம் ஒருநாள் ஆலோசகர் ஒருவர் வந்து கேன்டீனுக்குப் பக்கத்து அறையில் உட்காருவார். அவரைப் பார்க்க சூப்பர்வைசரிடம் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு வாங்க, என்ன விஷயம் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் மாதம் எங்களுக்கு இரண்டாவது ஷிப்ட் போட்டிருந்தபோது லைனில் ரிஜெக்ட் ஏறியது. இரண்டாவது ஷிப்டில் மட்டும், அதிலும் மதியம் மூன்று மணியிலிருந்து நாலரை வரை மட்டும், ஒரே ஒரு மெஷினில் துளையின் அளவு மாறியது. டூலை மாற்றினார்கள். கூலண்டை மாற்றினார்கள். ஆப்பரேட்டரைத் திட்டினார்கள். ஒன்றும் சரியாகவில்லை.

அவன் மூன்று வாரம் ஒரு பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தான். நேரம், அளவு, வெயில், மேகம். பிறகு எனக்கு எழுதினான். “மேலே கூரையில் ஒளி வர வைத்திருக்கிற ஷீட் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது. மூன்று மணிக்கு வெயில் அதன் வழியாக நேராக அந்த மெஷின் மேல் விழுகிறது. நாலரைக்கு நகர்ந்துவிடுகிறது. மெஷின் சூடாகி அளவு மாறுகிறது. போன செவ்வாய் மேகமூட்டம், அன்று ஒரு ரிஜெக்ட்கூட இல்லை. நாளைக்கு வியாழன். சொல்லிவிடு.”

சொன்னேன். நன்றாகவே சொன்னேன். மேகமூட்டமான செவ்வாயைக் கடைசியாக வைத்துச் சொன்னேன், செய்தியில் கனமான தகவலை எங்கே வைத்தால் எடுபடும் என்று எனக்குத் தெரியும். சூப்பர்வைசர் கூரையைப் பார்த்தார். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

“அப்பா, பேப்பர்காரன் மூளை பாருங்கடா,” என்றார்.

கைதட்டினார்கள். அவன் அரைவட்டத்தின் ஓரத்தில் நின்று தட்டினான். இது அவன் கண்டுபிடித்தது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது என்றும் எழுத முடியாது. வரவில்லை. கைதட்டல் முடிந்ததும் மெஷினுக்குப் போய்விட்டேன். தாளில் யோசனை சொன்னவர் என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது. நிருபராக இருந்த காலத்தில் நான் அலைந்து எடுத்த இரண்டு மூன்று செய்திகள் வேறொருவர் பெயரில் வந்திருக்கின்றன. அது எப்படி இருக்கும் என்று தெரிந்தவன்தான் நான்.

மறுவாரம் ஷீட்டை மாற்றினார்கள். ரிஜெக்ட் நின்றது.

நேர்முகம் மே மாதம் ஒரு திங்கட்கிழமை. பெயர் வரிசைப்படி கூப்பிட்டதில் நான் அவனுக்கு முன்னால். உள்ளே இரண்டு பேர், பிளான்ட் மேனேஜரும் ஹெச்ஆர் மேடமும். என் ஃபைலைத் திறந்து வைத்திருந்தார்கள். மேலாகவே அந்த வியாழக்கிழமைத் தாள் இருந்தது.

“கூரை ஷீட்டைக் கண்டுபிடிச்சது நீங்கதானா?” என்றார் மேனேஜர்.

“ஆமா சார்,” என்றேன்.

நண்பனும் சேர்ந்து என்று ஒரு வார்த்தை சேர்க்க எண்ணினேன். அதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவசரமாகப் போனார் என்று சொல்ல முடியாது. இடைவெளி இருந்தது. ஒரு வாக்கியம் போதுமான இடைவெளி.

அவன் உள்ளே போய் ஆறு நிமிடத்தில் வெளியே வந்தான். எப்படி என்று கண்ணால் கேட்டேன். தோளைத் தூக்கினான். மாலையில் செய்தி வந்தது. நடந்ததை அப்படியே வரிசையாக எழுதியிருந்தான்.

“மேனேஜர்: நீங்க செஞ்ச முன்னேற்றம் ஒண்ணு சொல்லுங்க.
நான்: ஷீட்.
மேனேஜர்: என்ன ஷீட்?
நான்: கூரை.
மேடம்: அது உங்க ஃப்ரெண்ட் குடுத்ததுப்பா. உங்களோடது ஏதாவது?
நான்: ஓகே மேடம்.
மேடம்: பயப்படாதீங்க, தண்ணி குடிங்க. உங்களோடது சொல்லுங்க.
நான்: (தண்ணி குடித்தேன்.)”

அதற்குக் கீழே தனியாக ஒரு வரி. “மேடம் நல்ல மாதிரி.”

அவனிடமிருந்து எனக்கு வந்த கடைசி நீளமான செய்தி அதுதான். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “நான் சொல்லியிருக்கணும்டா,” என்றேன். அவன் திரும்பிப் பார்த்து, வாயைத் திறந்து, தெளிவாகவே, “பரவால்ல,” என்றான்.

அந்த வருடம் முழுவதும் அவன் குரலை அவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். லைனில் எட்டுப் பேர் நிரந்தரம். நான் இருந்தேன். அவன் இல்லை.

மறுநாள் காலை ஷிப்டுக்கு முன்னால் சூப்பர்வைசரைத் தனியாகப் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். அவன் நோட்டில் தேதிவாரியாக அளவு குறித்து வைத்திருக்கிறான், வாங்கிக் காட்டுகிறேன் என்றேன். நான்கு வரியில் ஒரு தாளில் எழுதியும் கொண்டுபோயிருந்தேன். அவர் நின்றபடியே வாசித்தார்.

“நல்லா எழுதறே குரு,” என்றார். “இத நான் மேல அனுப்பலாம். அனுப்பினா என்ன ஆகும், நீயே சொல்லு.”

“அவனை மறுபடி கூப்பிடுவாங்க சார்.”

“கூப்பிடுவாங்க. மறுபடியும் ரெண்டு வார்த்தை சொல்வான். அவனுக்குப் பதிலா ஒரு வருஷமா நீ பேசினது வெளிய வரும். அப்ப உன் பேரையும் அடிப்பாங்க. விட்டுட்டு வேடிக்கை பாத்தேன்னு என்னையும் கேப்பாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் வேலை போகும். அப்பவும் அவனுக்கு வராது.” தாளை என்னிடமே நீட்டினார். “வேணுமா, சொல்லு. அனுப்பறேன்.”

தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அந்த வாரம் சட்டையோடு சேர்ந்து துவைபட்டுப் போயிற்று.

அவனுக்கு இன்னும் முப்பது நாள் இருந்தது. முப்பது நாளும் ஷிப்டுக்கு வந்தான். முப்பது நாளும் என் சிப் ட்ரேயை அள்ளினான். “விடுடா, நான் பாத்துக்கறேன்,” என்று கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டு அள்ளினான். ஒப்பந்தத்தில் அவன் பக்கத்தை அவன் குறைக்கவில்லை. அதற்குள் வந்த அவனுடைய இரண்டு வியாழக்கிழமைகளிலும் அவன் முறைக்கு நான்தான் பேசினேன். ஆனால் மூன்றடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் போனுக்குத் தானாக ஒரு செய்தியும் வரவில்லை. நான் எழுதினால் “ம்” என்று வரும். கடைசி நாள் காலையில் கண் விழித்தபோது அவன் கட்டிலில் போர்வை மடித்து வைத்திருந்தது. பை இல்லை. அன்றிலிருந்து என் செய்திகளுக்கு ஒற்றை டிக் மட்டுமே விழுந்தது.

நான் அவனைத் தேடினேன் என்று சொல்லலாமா என்று யோசிக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை வரை பஸ்ஸில் போனேன். மார்க்கெட் வாசலில் இறங்கினேன். கிரேடு அடுக்கிக்கொண்டிருந்தவர்களில் அவனுடைய அப்பா யார் என்று தெரியவில்லை. விசாரிப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவன் நான், அங்கே யாரிடமும் விசாரிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அவன் போன மூன்றாவது மாதம், தெரியாத எண்ணிலிருந்து அவன் அம்மா கூப்பிட்டார். என் எண்ணை எப்போதோ அவன் கொடுத்து வைத்திருக்கிறான்.

“தம்பி, நீதான சாமி அவனோட ரூம்ல இருந்தது? இப்ப பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டத்துல சேர்ந்துட்டானாம். தங்கச்சி போனுக்கு எழுதி அனுப்பிச்சான். கூப்பிட்டா ‘ஊம்’ங்கறான், அப்புறம் அதுவும் இல்ல. இங்க இருந்தப்ப எங்கிட்ட மட்டும் நல்லாப் பேசுவான் தம்பி. சண்டைகூடப் போடுவான். இப்ப ஒண்ணுமில்ல. ஒரு நட போய்ப் பாத்துச் சொல்லுறியா?”

“நல்லா இருப்பான்மா. போய்ப் பாக்கறேன்,” என்றேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நேராகப் பாகலூர் பஸ் ஏறினேன். ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, வெள்ளைப் பிளாஸ்டிக் போர்த்திய நீளமான ஷெட்டுகள். ஒன்பது ஷெட்டுகள் எண்ணினேன். ஞாயிறு என்பதால் ஆள் குறைவு. கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மடியில் ஒரு பதிவேடு. அவன் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவருக்குப் பிடிபடவில்லை. ராயக்கோட்டைப் பையன், ஒல்லியாக இருப்பான், மூன்று மாதமாக இருக்கிறான் என்றேன்.

“ஓ, ஊமப் பையனா?” என்றார். முகம் மலர்ந்தது. “வாங்க வாங்க. இதுவரைக்கும் அவனத் தேடி ஒருத்தரும் வரல. அவனுக்கு யாருமே இல்லையோன்னு நெனச்சேன்.”

நடந்துகொண்டே சொன்னார். வந்த நாளிலிருந்தே ஒரு வார்த்தை கிடையாது. காது நன்றாகக் கேட்கிறது, வாய்தான் இல்லை. முதலில் நான்கு பேர் தங்கும் கொட்டகையில் விட்டார்களாம், மற்றவர்கள் சீண்டினார்களாம். அதனால் மோட்டார் ரூமைக் காலி செய்து அவனுக்குத் தனியாகக் கொடுத்திருக்கிறார். “கை இருக்கே, தங்கம். ஒரு மொட்டு வீணாகாது. பேசறவனுங்க பத்துப் பேரு செய்யறத ஒருத்தனே செய்யறான்.”

ஐந்தாவது ஷெட்டில் இருந்தான். மணி ஒன்று பத்து. உள்ளே வெயில் பால் மாதிரி இருந்தது, புழுக்கம் மூச்சை அடைத்தது. இடுப்பளவு செடிகளுக்கு நடுவில் தனியாக நின்று கத்தரித்துக்கொண்டிருந்தான். காதில் எதுவும் இல்லை. எடை குறைந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோல் நின்றது. பிறகு கையிலிருந்த காம்பை வெட்டி முடித்து, வாளியில் வைத்துவிட்டு வந்தான்.

“அம்மா கூப்பிட்டாங்கடா,” என்றேன். “நீ பேசறதில்லன்னு வருத்தப்படறாங்க.”

தலையை ஆட்டினான். பையிலிருந்து போனை எடுத்து, எதையோ தட்டி, என் பக்கம் திருப்பினான். “நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிடு.”

“நீயே ஒரு வார்த்தை சொல்லேன். இப்பவே போன் போட்டுத் தரேன்.”

அவன் மேஸ்திரியைப் பார்த்தான். அவர் இரண்டடி தள்ளி, எங்களைச் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார். அவன் போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

“நல்ல வேளைக்கு வந்தீங்க தம்பி,” என்றார் மேஸ்திரி. “முதலாளி இவனுக்கு மாற்றுத்திறனாளி அட்டைக்கு எழுதிப் போடச் சொல்லியிருக்காரு. பஸ்ல போக வர வசதியா இருக்கும், நாளைக்கு அரசாங்கத்துல ஏதாவது வேலை வந்தாலும் முன்னுரிமை இருக்கு. ஃபாரத்துல ஒண்ணு கேக்கறாங்க. பொறப்புலருந்தே இப்படியா, இல்ல நடுவுல ஏதாவது காய்ச்சல் கீய்ச்சல் வந்து போச்சான்னு. இவங்கிட்ட நாலு தடவ கேட்டுட்டேன், கீழயே பாக்கறான். நீங்க கூட இருந்தவரு. சொல்லுங்க.”

அவன் இப்போது கீழே பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று தலையசைக்கவில்லை, கையெடுக்கவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தான். மேஸ்திரியும் காத்திருந்தார். இந்தத் தடவையும் ஒரு வாக்கியம் போதுமான இடைவெளி இருந்தது. உண்மையைச் சொன்னால் மோட்டார் ரூம் போகும், இந்த வேலையும் போகும், மறுபடி நான்கு பேருக்கு நடுவில் போய் நிற்க வேண்டியிருக்கும் என்பதை அவன் முகத்திலிருந்து நான் வாசித்தேன். சரியாகத்தான் வாசித்தேனா என்று அவனிடம் கேட்கவில்லை.

“பொறப்புலருந்தே,” என்றேன்.

மேஸ்திரி காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே அதை எழுதிக்கொண்டார்.